மிதித்தவன் மாட்டினான்... முதலாளி தப்பினார்! சைக்கிள் சாம்பியன் ரீஸின் கதை

2025 ஜூலை 17. பிரான்ஸ் நாட்டின் பைரனீஸ் மலையில் ஹோட்டகாம் என்ற ஏற்றம். முந்தின நாள் சைக்கிளோடு கீழே விழுந்து சிராய்ப்போடு வந்த டாடெய் பொகாச்சார், அந்த மேட்டில் அத்தனை பேரையும் கழற்றி விட்டுவிட்டு ஒத்தை ஆளாகப் பறந்தார். இரண்டாவதாக வந்த டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகோ 2 நிமிடம் 10 வினாடி கழித்துத்தான் உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

நம்ம ஊரில் கிரிக்கெட் மாதிரி ஐரோப்பாவில் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம். மூன்று வாரம். 21 நாள் ஓட்டம். மொத்தம் 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை.

அந்தப் பந்தயம் ஹோட்டகாம் மேட்டுக்கு வந்தாலே ஒரு பழைய பேர் தானாக அடிபடும். பியார்னே ரீஸ். டென்மார்க்காரர். வீரராக இருந்து சாம்பியன் ஆனவர். பிறகு அணி முதலாளி ஆனவர். ஊக்கமருந்து போட்டதை அவரே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் ஒரு நாள் கூட தடை வாங்காதவர்!

அவரிடம் சம்பளம் வாங்கி மிதித்தவர்கள் தடை வாங்கினார்கள். பட்டத்தை இழந்தார்கள். அவருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. எப்படி?

மூஞ்சியைப் பார்த்துட்டு அடிச்சார்!

1996 ஜூலை 16. அதே ஹோட்டகாம். சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம். ஸ்பெயினின் மிகுவேல் இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பட்டம் வென்றவர். ஆறாவது பட்டத்துக்கு வந்திருந்தார்.

மஞ்சள் சட்டையில் இருந்த ரீஸ் அன்றைக்குச் செய்த வேலையை இன்னமும் வீடியோவில் போட்டுப் பார்க்கிறார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் வேகத்தைக் குறைத்தார். கூட்டத்தோடு கொஞ்சம் பின்னால் வந்தார். போட்டியாளர்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். யாருக்கு மூச்சு வாங்குது, யாருக்கு காலு பிடிச்சிக்கிச்சு என்று கணக்கு எடுத்தார். அப்புறம் அடித்தார் பாருங்க... ஒருத்தராலும் ஒட்ட முடியவில்லை. மலை அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 34½ நிமிடம். இந்துராயின் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்த நாள் பந்தயம் இந்துராயினின் சொந்த ஊர் வழியாக பாம்பலோனா நகருக்குப் போனது. ஊர்க்காரன் ஜெயிச்சு வருவான் என்று காத்திருந்த ஜனத்துக்கு எப்படி இருந்திருக்கும்!

பாரிசில் ரீஸ் பட்டம் வாங்கினார். டூர் டி பிரான்சை வென்ற முதல் டென்மார்க்காரர். கோபன்ஹேகனில் டிவோலி பூங்காவில் ராஜ மரியாதை. அப்போது வயது 32. சைக்கிள் வீரர்கள் பலர் மூட்டை கட்டத் தொடங்கும் வயது அது.

எடுபிடி வேலையில் ஆரம்பம்

ரீஸ் பிறந்தது 1964-ல், டென்மார்க்கின் ஹெர்னிங் என்ற ஊரில். சைக்கிள் மிதித்துப் பிழைக்க வேண்டும் என்று லக்சம்பர்க்குக்குக் கிளம்பிப் போனார். 1986-ல் சம்பளத்துக்கு மிதிக்கிற வீரர் ஆனார். பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை.

1989-ல் பிரான்சின் பெரிய ஸ்டார் லோரான் ஃபீன்யோன் அணியில் வேலை கிடைத்தது. என்ன வேலை? எடுபிடி வேலை! சைக்கிள் பந்தயத்தில் இதற்கு 'டொமெஸ்டிக்' என்று பேர். பிரெஞ்சு மொழியில் வேலைக்காரன் என்றுதான் அர்த்தம். ஒளிவு மறைவே கிடையாது.

அணித் தலைவருக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்க வேண்டும். பஸ்சுக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் ஓட்டினவங்களுக்குத் தெரியும், முன்னால் ஒருத்தன் காற்றை வெட்டினால் பின்னால் வருபவனுக்கு எவ்வளவு சுலபம் என்று. பின்னால் வரும் காருக்குப் போய் தண்ணீர் பாட்டில்களை சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப மிதித்து வந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தலைவர் சைக்கிள் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஜெயிப்பது தலைவர். பேர் தலைவருக்கு. பரிசுப் பணத்தை மட்டும் அணிக்குள் பங்கு போட்டுக் கொள்வார்கள்.

அந்த வருஷம்தான் ஃபீன்யோன் வெறும் 8 வினாடியில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டிடம் பட்டத்தைக் கோட்டை விட்டார். அந்த அணியில் காற்று வாங்கினவர்களில் ரீசும் ஒருத்தர்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 1991 டூர் டி பிரான்சில் ரீஸ் பிடித்த இடம் 107. இரண்டே வருஷம் கழித்து 1993-ல் 5-வது இடம்! 1995-ல் 3-வது. 1996-ல் முதலிடம். 27 வயதில் 107-வதாக வந்தவர் 32 வயதில் சாம்பியன். எப்படி என்று அன்றைக்குக் கேட்டவர்களும் உண்டு. "பொறாமை" என்று அவர்கள் வாயை அடைத்தார்கள்.

டயாலிசிஸ் நோயாளி மருந்து

விஷயம் இதுதான். இ.பி.ஓ. என்று ஒரு மருந்து. கிட்னி பழுதாகி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தம் குறைந்து போகும். அவர்களுக்கு ரத்த சிவப்பணு ஊற டாக்டர்கள் போடுகிற ஊசி அது. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளிலும் போடுகிறார்கள். அதே ஊசியை நல்லா இருக்கிற ஆள் போட்டுக் கொண்டால் சிவப்பணு கூடும். சிவப்பணு கூடினால் காலுக்குப் போகிற ஆக்சிஜன் கூடும். மேட்டில் மூச்சு வாங்காது.

ஆனால் ரத்தம் கெட்டியாகி விடும். நெஞ்சு அடைக்கும் ஆபத்து.

ஆரோக்கியமான ஆணுக்கு ரத்தத்தில் சிவப்பணு பங்கு பொதுவாக 40 முதல் 50 சதவீதம். ரீசுக்கு கூட மிதித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'மிஸ்டர் 60 சதவீதம்'! பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு விஷயம் பரவியிருக்கிறது. ஆனால் பிடிக்க வழி இல்லை. இ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் சோதனையே 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் சர்வதேச சைக்கிள் சங்கம் செய்ததெல்லாம் 1997-ல் ஒரு உச்சவரம்பு போட்டதுதான். 50 சதவீதத்துக்கு மேல் போனால் கொஞ்ச நாள் வீட்டில் உட்காரணும். அவ்வளவே. 49 வரைக்கும் ஏற்றிக்கோ என்று சொன்ன மாதிரி ஆகிப் போச்சு!

1996-ல் மேடையில் நின்ற மூவரையும் பாருங்கள். முதலிடம் ரீஸ். இரண்டாவது அவர் அணியைச் சேர்ந்த ஜெர்மனியின் யான் உல்ரிச். மூன்றாவது பிரான்சின் ரிஷார் விராங்க். விராங்க் 2000-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். ரீஸ் 2007-ல். உல்ரிச் பாதி பாதியாகச் சொல்லி 2023-ல்தான் முழுசாக ஒப்புக்கொண்டார். மூன்று பேருமே!

"சட்டை அட்டைப்பெட்டியில் இருக்கு... எடுத்துக்கோங்க!"

2007 மே மாதம். ரீசின் பழைய ஜெர்மன் அணி 'டெலிகாம்'. அதில் மிதித்தவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வாயைத் திறந்தார்கள். மே 24-ல் எரிக் சாபெல் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். ரீசுக்கு இனி ஒளிய இடம் இல்லை.

மே 25. கோபன்ஹேகன் பக்கத்தில் லிங்பியில் பத்திரிகையாளர் கூட்டம். 1993 முதல் 1998 வரை இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசோன் போட்டேன் என்று ரீஸ் ஒப்புக்கொண்டார். மஞ்சள் சட்டை வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள் என்கிற மாதிரி சொன்னார். உலகம் முழுக்கப் பரபரப்பு.

யாராவது போய் எடுத்தார்களா? இல்லை.

காரணம், விதிப்படி எட்டு வருஷத்துக்கு மேல் பழசான தப்புக்கு நடவடிக்கை எடுக்க முடியாது. 1996-க்கும் 2007-க்கும் 11 வருஷ இடைவெளி. பந்தயம் நடத்தும் கம்பெனி கோபத்தில் அவர் பேரை சாம்பியன் பட்டியலிலிருந்து தூக்கியது. அடுத்த வருஷமே ஊக்கமருந்து குறிப்போடு திரும்பச் சேர்த்துவிட்டது. தூக்கினால் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? இரண்டாவது உல்ரிச். மூன்றாவது விராங்க். சிரிப்புத்தான் வரும்.

சரி, தானே போட்டுக்கொண்டதை மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் பாதிப் பேர் போட்டான், போடாதவன் பின்னால் போனான். வேலை போயிடும் என்ற பயத்தில் செய்திருக்கலாம். பிரச்சினை அது இல்லை. 2007-ல் லிங்பி மேடையில் உட்கார்ந்திருந்தவர் வெறும் பழைய வீரர் இல்லை. உலகத்தின் பெரிய சைக்கிள் அணிகளில் ஒன்றுக்கு முதலாளி!

மேஸ்திரி முதலாளி ஆனார்

கொத்தனாராக இருந்தவர் மேஸ்திரியாகி, காண்டிராக்டர் ஆவதில்லையா? அந்த மாதிரிதான். 1999-ல் சுவிட்சர்லாந்து பந்தயத்தில் விழுந்து அடிபட்டதோடு ரீசின் மிதிக்கும் வாழ்க்கை முடிந்தது. டென்மார்க்கின் சின்ன அணி ஒன்றை வாங்கினார். 2001-ல் சி.எஸ்.சி. என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனி அணிக்குப் பேர் கொடுத்துப் பணம் போட்டது. (சென்னையிலும் ஆபீஸ் வைத்திருந்த அதே சி.எஸ்.சி.தான்.)

ரீஸ் நல்ல மேஸ்திரி. அதில் சந்தேகமே வேண்டாம். மற்ற முதலாளிகள் பெரிய ஸ்டாரை விலைக்கு வாங்கினார்கள். இவர் மற்ற அணிகள் சரியாகப் பயன்படுத்தாத ஆளைப் பிடித்து ஸ்டார் ஆக்கினார். டென்மார்க் கமாண்டோ படையில் இருந்த ஒருவரைக் கூட்டி வந்து வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காட்டில் தூக்கம், குளிர்ந்த கடலில் நீச்சல், அரை வயிற்றுச் சாப்பாடு. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குற ஆளுங்களை ராத்திரியில் காட்டில் நடக்க விட்டால் ஒருத்தனை ஒருத்தன் நம்பித்தானே ஆகணும்?

பலன் கிடைத்தது. அமெரிக்காவின் டைலர் ஹாமில்டன் 2003 டூர் டி பிரான்சின் முதல் கட்டத்திலேயே விழுந்து காறை எலும்பில் விரிசல். வலியோடு மூன்று வாரம் மிதித்து ஒரு கட்டத்தை ஜெயித்து 4-வது இடம் பிடித்தார். உலகமே கை தட்டியது. இத்தாலியின் இவான் பாஸோ 2004-ல் 3-வது, 2005-ல் 2-வது. 2006-ல் இத்தாலி சுற்றுப் பந்தயத்தை 9 நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வெடித்தது.

நாய் பேரில் ரத்தப் பை!

2006 மே மாதம் ஸ்பெயின் போலீஸ் மாட்ரிட் நகரில் யூஃபெமியானோ ஃபுவென்டெஸ் என்ற டாக்டரின் இடங்களில் ரெய்டு நடத்தியது. ஃபிரிட்ஜில் பை பையாக ரத்தம். வீரர்களிடம் முன்கூட்டியே ரத்தம் எடுத்து வைத்து, பந்தயத்தின் நடுவில் திரும்ப ஏற்றுவதுதான் தொழில். பைகளில் நிஜப் பேர் இல்லை, சங்கேதப் பேர். ஒன்றில் 'பிரில்லோ' என்று இருந்தது. அது பாஸோ வளர்த்த நாயின் பேர்!

2006 டூர் தொடங்கும் நேரத்தில் பாஸோ விலக்கப்பட்டார். கொஞ்ச மாதத்தில் ரீஸ் அணியில் இருந்தும் போனார். 2007 மே மாதம் ஊக்கமருந்து முயற்சி என்று ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷம் தடை.

ஹாமில்டன் ரீஸ் அணியை விட்டுப் போன பிறகு 2004-ல் சிக்கினார். பல வருஷம் மறுத்துப் பார்த்தார். 2011-ல் எல்லாவற்றையும் சொன்னார். 2012-ல் எழுதிய புத்தகத்தில், ஃபுவென்டெஸ் டாக்டரிடம் தன்னை அறிமுகப்படுத்தியதே ரீஸ்தான் என்று குற்றம் சாட்டினார்.

இதில் ரீஸ் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பாஸோ விவகாரத்துக்குப் பிறகு ராஸ்முஸ் டாம்ஸ்கார்ட் என்ற டென்மார்க் டாக்டரை வைத்து அணிக்குள்ளேயே ரத்தப் பரிசோதனைத் திட்டம் கொண்டு வந்தார். அப்போது அப்படிச் செய்த அணிகள் விரல் விட்டு எண்ணலாம். திருட்டு வழி எல்லாம் தெரிஞ்ச ஆளே காவலுக்கு நின்றால் நல்லதுதானே என்று சொன்னவர்கள் உண்டு. யோசித்தால் நியாயமாகத்தான் படும். ஆனால் அந்தக் காவல் 2006 இறுதிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் ஆறேழு வருஷம் அவர்தான் முதலாளி.

2008: ரீசின் உச்சம்

அந்த வருஷம் ரீஸ் அணியில் மூன்று பேர் ஜெயிக்கக் கூடியவர்கள். ஸ்பெயினின் கார்லோஸ் சாஸ்த்ரே, லக்சம்பர்க் அண்ணன் தம்பி ஃபிராங்க் ஷ்லெக், ஆண்டி ஷ்லெக். மஞ்சள் சட்டை ஃபிராங்க் உடம்பில். எதிரி ஆஸ்திரேலியாவின் காடல் எவன்ஸ்.

ஆல்ப் துவேஸ் மலை. அடிவாரத்திலேயே 33 வயது சாஸ்த்ரே பிய்த்துக்கொண்டு கிளம்பினார். எவன்ஸ் துரத்தினால் ஷ்லெக் சகோதரர்கள் அவர் முதுகில் ஓசியில் ஒட்டிக்கொண்டு வருவார்கள், கடைசியில் அடிப்பார்கள். துரத்தாவிட்டால் சாஸ்த்ரே போய்விடுவார். எப்படிப் போனாலும் எவன்சுக்கு அடி. சாஸ்த்ரே 2 நிமிடத்துக்கு மேல் முன்னால் போய் ஜெயித்தார். மொத்தப் பட்டம் 58 வினாடி வித்தியாசத்தில் அவருக்கு. மஞ்சள் சட்டையில் இருந்த ஃபிராங்க், தன் சட்டையை இன்னொருத்தன் கழற்ற வழி விட்டார். ஒரு வேலைக்காரனாக இருந்து வந்தவரால்தான் இப்படி ஒரு திட்டம் போட முடியும் என்பது நமது கணிப்பு.

ஜெயித்துக் கொடுத்த சாஸ்த்ரே அந்த வருஷமே வேறு அணிக்குப் போய்விட்டார். 2010 முடிவில் ஷ்லெக் சகோதரர்கள் போனார்கள். கல் பாதைப் பந்தயங்களின் ராஜா கான்செல்லாராவும் போனார்.

டிக்கெட் இல்லாத ஆட்டம்

ஏன் இப்படி ஓடுகிறார்கள்? சைக்கிள் பந்தயத்துக்கு மைதானம் கிடையாது. ரோட்டோரம் நின்று யாரும் சும்மா பார்க்கலாம். அணிக்கு டிக்கெட் பணம் வராது. டி.வி. உரிமைப் பணம் பந்தயம் நடத்தும் கம்பெனிக்கு. டூர் டி பிரான்ஸ் சாம்பியனுக்குப் பரிசு 5 லட்சம் யூரோ, நம்ம பணத்தில் சுமார் 5 கோடி ரூபாய். ஒரு பெரிய அணியின் வருஷச் செலவில் அது கால்வாசிக்குக் கூட காணாது. எல்லாம் ஸ்பான்சர் பணம். சட்டையில் பேர் போடுகிற கம்பெனி கை விட்டால் கடை மூடல். மெக்கானிக், மசாஜ் செய்பவர், பஸ் டிரைவர் வரைக்கும் வேலை போகும்.

அதனால்தான் முதலாளிக்கு ஜெயிப்பு வேண்டும். அதே நேரம் அசிங்கம் வெளியே தெரியக் கூடாது. கீழே வேலை பார்க்கிறவன் எப்படி ஜெயிச்சான் என்று கேட்காமல் இருப்பதுதான் முதலாளிக்கு லாபம். 2008 முடிவில் சி.எஸ்.சி. போனது. டென்மார்க்கின் சாக்ஸோ வங்கி வந்தது. 2010 ஆகஸ்டில் ஸ்பெயின் சூப்பர் ஸ்டார் ஆல்பர்ட்டோ கான்டடோரை ரீஸ் பிடித்தார். அடுத்த மாதமே குண்டு விழுந்தது. 2010 டூரில் எடுத்த மாதிரியில் கிளென்பியூடரால் மருந்து! மாட்டுக்கறியில் கலந்து வந்துவிட்டது என்றார் கான்டடோர். 2012 பிப்ரவரியில் விளையாட்டு நீதிமன்றம் இரண்டு வருஷம் தடை போட்டது. 2010 டூர், 2011 இத்தாலி பட்டம் இரண்டும் போச்சு. அந்த விவகாரம் நடந்தபோது அவர் ரீஸ் அணியில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

2013 டிசம்பரில் ரஷ்யப் பணக்காரர் ஒலெக் டிங்கோவ் அணியை மொத்தமாக வாங்கினார். முதலாளியாக இருந்த ரீஸ் இப்போது தன் அணியிலேயே சம்பள ஆள். அது எத்தனை நாள் தாங்கும்? 2015 மார்ச்சில் டிங்கோவ் அவரை வெளியே அனுப்பினார்.

மறுபடி அதே எட்டு வருஷம்!

அதே 2015. ஜூன் மாதம் டென்மார்க் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு பல வருஷம் விசாரித்த அறிக்கையை வெளியிட்டது. தன் அணியில் ஊக்கமருந்து நடப்பது ரீசுக்குத் தெரிந்தே இருந்தது, அவர் தடுக்கவில்லை என்பது அதன் சாரம்.

தடை? இல்லை! சம்பவங்கள் எட்டு வருஷத்துக்கு மேல் பழசு. 2007-ல் வீரராகச் செய்த தப்புக்கு எந்த விதி காப்பாற்றியதோ, 2015-ல் முதலாளியாகச் செய்த தப்புக்கும் அதே விதி காப்பாற்றியது.

இதில் ஒரு அநியாயம் இருக்கு. வீரன் தப்பு செய்தால் சிறுநீரில் தெரியும், ரத்தத்தில் தெரியும். ஒரு வாரத்தில் ரிசல்ட் வரலாம். முதலாளி தப்பு செய்தால் எதில் தெரியும்? கீழே இருப்பவன் வாயைத் திறந்தால்தான் தெரியும். வேலையில் இருக்கிற வரைக்கும் அவன் திறக்க மாட்டான். திறந்தால் அடுத்த வருஷம் எந்த அணியும் எடுக்காது. ஓய்வு பெற்று, மனசு உறுத்தி, புத்தகம் எழுதி, விசாரணை முடிவதற்குள் எட்டு வருஷம் ஓடிவிடும். (2015-ல் இந்த வரம்பை உலக அளவில் பத்து வருஷம் ஆக்கினார்கள். ரீசுக்கு அது பொருந்தவில்லை.)

எல்லா முதலாளியும் தப்பினார் என்று சொல்ல முடியாது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் மேனேஜர் யோஹான் புருய்னீல், அவரும் பழைய வீரர்தான். அமெரிக்க விசாரணையில் சிக்கி 2014-ல் பத்து வருஷம் தடை. 2018-ல் அது ஆயுள் தடை ஆனது. அங்கே விசாரித்தவர்கள் கூட மிதித்தவர்களை உட்கார வைத்து, உண்மையைச் சொன்னால் தண்டனையைக் குறைக்கிறோம் என்று சொன்னார்கள். வாய் திறந்தது.

இன்றைய கார்களில் யார்?

2011-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு விதி கொண்டு வந்தது. ஊக்கமருந்தில் சிக்கிய வீரர் பின்னாளில் அணி நிர்வாகத்துக்கு வர முடியாதபடி கட்டுப்பாடு. ஆனால் அந்த விதி வந்த பிறகு செய்யும் தப்புக்குத்தான் பொருந்தும். பழைய ஆட்கள் பழையபடியே.

கஜகஸ்தானின் அலெக்சாண்டர் வினோகுரோவ் 2007 டூரில் ரத்தம் ஏற்றி மாட்டியவர். தடை முடிந்து வந்து 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பிறகு அஸ்தானா அணிக்குத் தலைமை. ஹோட்டகாமில் பறந்த பொகாச்சாரின் எமிரேட்ஸ் அணியை நடத்தும் மவுரோ ஜியனெட்டியும் பழைய வீரர். 2008-ல் அவர் நடத்திய சவுனியர் டுவால் அணியில் ரிக்கார்டோ ரிக்கோ இ.பி.ஓ.வில் மாட்டி, அணியே டூரை விட்டு வெளியேறியது.

2025 வரை நாலு முறை டூர் வென்ற பொகாச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. இன்றைக்குச் சோதனை முறையும் 1996 மாதிரி இல்லை. வீரரின் ரத்தக் கணக்கை வருஷக் கணக்கில் பதிந்து வைத்து ஒப்பிடுகிறார்கள். ஆனாலும் அவர் மேட்டில் பறக்கும்போதெல்லாம் ரசிகன் ஒரு கண்ணால் பின்னால் வரும் காரைப் பார்க்கிறான். விங்கெகோ 2022-ல் இதே ஹோட்டகாமில் ஜெயித்து, ரீசுக்குப் பிறகு டூர் வென்ற முதல் டென்மார்க்காரர் ஆனபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். செய்யாத தப்புக்கு அந்தப் பையன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரீஸ் என்ன ஆனார்? சாக்ஸோ வங்கியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான லார்ஸ் சைய்யர் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து 'விர்ட்டு' என்ற பேரில் மறுபடி அணி தொடங்கினார். அவர்களின் பெண்கள் அணியில் இருந்த இத்தாலியின் மார்த்தா பாஸ்டியானெல்லி 2019 ஏப்ரலில் பெல்ஜியத்தின் பெருமைக்குரிய ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்றார். அந்த வருஷ முடிவில் அணியை மூடிவிட்டார்கள். ஸ்பான்சர் கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், ரீஸ் தென் ஆப்பிரிக்காவின் என்.டி.டி. அணியில் பங்கு வாங்கி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொரோனா வந்தது. ஸ்பான்சர் விலகினார். அந்த வருஷம் முடிவதற்குள் ரீசும் கிளம்பிவிட்டார். வேறு ஸ்பான்சர் பேரில் இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பார்த்த அந்த அணி 2021 முடிவில் கலைந்தது. மிதித்தவர்களும் மெக்கானிக்குகளும் வேறு அணிகளில் வேலை தேடிப் போனார்கள்.